வாரத்துக்கு ஒரு தடவை

கைக்குட்டையை எடுத்துவிடுங்கள் சார். மறைத்துப் பயனில்லை. இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் தோலைக் காட்ட வந்தவர்கள்தான். இங்கே வந்து முகத்தை மூடிக்கொண்டு உட்காருவது, ஊர்வலத்துக்கு வந்துவிட்டுக் கோஷம் போட வெட்கப்படுகிற மாதிரி இருக்கிறது.

எடுத்தீர்களா? ம். நினைத்தேன்.

டாக்டரம்மா கூப்பிடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கன்னம் பளபளக்கிறது, ஆனால் அது எண்ணெய்ப் பளபளப்பு இல்லை, மெழுகு பூசின மாதிரி. மூக்கு ஓரம் சிவந்து செதில் செதிலாக எழும்பியிருக்கிறது. கொட்டாவி விட்டால் கன்னம் இழுக்கிறதா? பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிகிறதா? போன மாதம் வரை ஒத்துக்கொண்ட கிரீம் இப்போது மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருக்கிறதா? தாடை ஓரத்தில் ரவை ரவையாகப் பொரிந்திருக்கிறதே, அது எப்போதிலிருந்து?

சரி. எதைப் போட்டுத் தேய்த்தீர்கள்?

வால்நட் ஓட்டுப் பொடி. இரண்டு வேளையும். மகனுடைய கல்யாண வரவேற்பில் போட்டோ நன்றாக விழவேண்டும் என்று. அடடா. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்ப்பார்களா, மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்ப்பார்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். நானும் அதே கட்சிதான். என் கன்னத்தைப் பாருங்கள். இது தேறி வந்த கன்னம். போன மாதம் பார்த்திருந்தால் நீங்கள் அந்தப் பக்கத்துப் பெஞ்சுக்குப் போயிருப்பீர்கள்.

என் பெயர் செங்கோடன். சிங்காநல்லூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும், புது ஆட்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தேன். அது சம்பளத்துக்கு. என்னுடைய வேலை சங்கம். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி, மீதிப் படிப்பு முழுக்கத் துண்டுப் பிரசுரத்தில்தான். கூலி என்றால் என்ன, லாபம் எங்கிருந்து வருகிறது, எந்த நாட்டில் எந்த ராஜாவை எதற்காக இறக்கினார்கள், எல்லாம் நாலு பக்கப் பிரசுரத்தில் படித்தவன். நாலு பக்கத்துக்கு மேல் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டியிருந்தால் அதில் ஏதோ மோசடி இருக்கிறது என்பது என் அனுபவம்.

மில் இருந்த இடத்தில் இன்றைக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு. நாங்கள் கொடி ஏற்றின இடத்தில் நீச்சல் குளம். அதற்குக் காரணமான துரோகிகளின் பெயரை வரிசையாகச் சொல்வேன், அதற்குள் உங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் ஒருவன் பெயரை மட்டும் சொல்கிறேன். நாச்சிமுத்து.

நானும் அவனும் போஸ்டர் ஒட்டுகிற ஜோடி. அவன் கையில் பசை வாளி, என் கையில் கொத்துக் கரண்டி. பழைய போஸ்டரைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்காமல் புதுப் போஸ்டரை நான் ஒட்டவிடமாட்டேன். எதிரியின் காகிதம் ஒரு நகம் அளவுகூட அடியில் இருக்கக்கூடாது. நாச்சிமுத்து வாளியை வைத்துக்கொண்டு நிற்பான். "போதும்டா செங்கோடா, சுண்ணாம்பு வருது பாரு" என்பான். நான் விடமாட்டேன். சில சுவர்களில் சுண்ணாம்பு போய், பூச்சும் போய், செங்கல் தெரியும். மறுநாள் காலையில் பார்த்தால் எங்கள் போஸ்டரும் மிச்சப் பூச்சோடு சேர்ந்து கீழே கிடக்கும். அது சுவர் கட்டினவன் தப்பு சார். நாங்கள் என்ன செய்ய முடியும்?

அப்படிப்பட்ட நாச்சிமுத்துவை நான் ஏன் சங்கத்திலிருந்து நீக்கினேன் என்று கேட்க மாட்டீர்களா? கேட்கவேண்டும். பெரிய வேலைநிறுத்தம் நடந்த வருஷம். மேனேஜர் அறையில் பேச்சுவார்த்தை. டீ வந்தது. நான் தொடவில்லை. நாச்சிமுத்து எடுத்துக் குடித்தான். குடித்ததோடு விட்டானா, பிஸ்கட்டை வேறு நனைத்துத் தின்றான். அன்றைக்கு மாலையே பொதுக்குழுவைக் கூட்டினேன்.

"டீ குடிச்சதுக்காடா?" என்று கேட்டான்.

"யார் டீ?" என்று கேட்டேன்.

"காலைலருந்து ஒண்ணும் திங்கலடா."

பசி ஒரு காரணம் ஆகுமா சார்? அந்தப் பேச்சுவார்த்தையே பசியைப் பற்றித்தான். நீக்கினேன். அவனுக்காகக் கண்ணைத் துடைத்தவனை அடுத்த வாரம் நீக்கினேன். முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவன், தீர்மானம் படிக்கும்போது கொட்டாவி விட்டவன், "கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாமுங்க" என்று சொன்னவன், எல்லோரையும் நீக்கினேன். கடைசியில் மில்லுக்குப் பூட்டுப் போட்ட அன்று கேட் முன்னால் நின்றவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஆனால் அத்தனை பேரும் சொக்கத் தங்கம். ஒரு மாசு கிடையாது. அவ்வளவு சுத்தமான சங்கம் எப்படித் தோற்றது என்பதுதான் எனக்கு இன்று வரை விளங்காத மர்மம்.

இருக்கட்டும். முகத்துக்கு வருகிறேன்.

இந்த வருஷம் மில்லின் பழைய தொழிலாளர்கள் எல்லோரும் ஒரு மண்டபத்தில் கூடுவது என்று ஏற்பாடு. என்னைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். நியாயம்தானே. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நாச்சிமுத்துவையும் கூப்பிட்டுவிட்டார்கள். ஃப்ளெக்ஸ் பேனரில் அவன் முகமும் என் முகமும் பக்கத்தில் பக்கத்தில். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனி மேஸ்திரியாக இருந்தவன், நிழலில் வேலை பார்த்த முகம். உரித்த முட்டை மாதிரி இருந்தது. என்னுடையது வெயிலில் ஊர்வலம் போன முகம். நெற்றியிலும் கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு. டீக்கடையில் ஒரு ஆள் பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடமே கேட்கிறான்:

"ஏனுங்க, இந்தச் செவத்தவரு தலைவருங்களா? பக்கத்துல நிக்கறது யாருங்க, டிரைவருங்களா?"

முப்பது வருஷம் கழித்து நாச்சிமுத்து என்னை நேரில் பார்க்கப்போகிறான். தோற்றுப்போனவன் முகத்தோடு நான் அவன் முன்னால் நிற்பதா? அவ்வளவுதான் சார் விஷயம். அழகுக்கு ஆசைப்படவில்லை. உங்களை மாதிரி இல்லை. என்னுடையது அரசியல்.

வீட்டிலேயே வசதி இருந்தது. என் மருமகள் சுகுணா அழகு நிலையம் வைத்திருக்கிறாள். அழகு நிலையம் என்பது மக்களை ஏமாற்றும் தொழில் என்று அவளிடம் கல்யாணப் பேச்சின்போதே சொல்லிவிட்டேன். இருந்தாலும் தந்திரமாகக் கேட்டேன்.

"ஏம்மா சுகுணா, ஒரு தோழருக்கு மூஞ்சியில மங்கு. என்ன பண்ணலாம்?"

அவள் என் மூஞ்சியையே பார்த்தாள். "அந்தத் தோழர வெயில்ல போறப்போ கொடை புடிக்கச் சொல்லுங் மாமா. சன்ஸ்கிரீன் பூசச் சொல்லுங்க. தேய்க்கறதா இருந்தா வாரத்துக்கு ஒரு தடவ, விரல் நுனியில, மெதுவா. உடனே கழுவிட்டு கிரீம் போட்டுக்கணும். எரிஞ்சா விட்டுறணும். தோழர் கேப்பாருங்களா?"

வாரத்துக்கு ஒரு தடவை! மெதுவாக! எரிந்தால் விட்டுவிட வேண்டும்! எனக்கு யார் ஞாபகம் வந்தது தெரியுமா? விட்டுப் பிடிக்கலாம் என்று சொன்னவன் ஞாபகம். முதலாளியும் இதைத்தான் சொன்னான், கட்டம் கட்டமாகப் பார்ப்போம் என்று. தோலின் மேல் செத்த செல்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று அவள் கடையில் இருக்கிற ஸ்க்ரப் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறான். செத்தவன் மேலே உட்கார்ந்திருக்கிறான், உயிருள்ளவன் அடியில் நசுங்குகிறான். இதை வாரத்துக்கு ஒரு தடவை மெதுவாகத் தொடச் சொன்னால் நான் எதற்கு நாற்பது வருஷம் கொடி பிடித்தேன்?

தினமும் ஆரம்பித்தேன். காலையில் அவள் கடை டப்பா. மாலையில் பீர்க்கங்காய் நார். நடுவில் எலுமிச்சம்பழத்தைச் சர்க்கரையில் தொட்டுத் தேய்ப்பது. முதலில் நன்றாகத்தான் இருந்தது சார், அதை மறுக்கமாட்டேன். முகம் வழவழ என்று ஆனது. "என்னங் தோழர், மாப்ள மாதிரி இருக்கீங்க" என்று டீக்கடைக்காரன்கூடச் சொன்னான். அந்த ஒரு வார்த்தைதான் கெடுத்தது. கையில் அழுத்தம் கூடிவிட்டது.

பிறகு எரிய ஆரம்பித்தது. வேர்வை பட்டால் எரிச்சல், சோப்பு பட்டால் எரிச்சல், ஃபேன் காற்று பட்டால்கூட எரிச்சல். நீங்கள் என்றால் என்ன நினைப்பீர்கள்? நான் என்ன நினைத்தேன் என்றால், எரிகிறது என்றால் எதிர்ப்பு இருக்கிறது, எதிர்ப்பு இருந்தால் அழுத்தத்தைக் கூட்டு. சுகுணாவின் அலமாரியில் ஒரு சின்னச் சீசா இருந்தது. ஏதோ பழத்திலிருந்து எடுத்த ஆசிட், அவள் தவிர யாரும் தொடக்கூடாது என்று பூட்டி வைத்திருந்தாள். பூட்டு எனக்குப் புதிதா? திறந்து எடுத்துப் பூசினேன்.

சட்டைக் காலரில் தோல் தூள் தூளாக உதிர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சுகுணா பார்த்துவிட்டு அலறினாள்.

"மாமா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!"

"செத்த தோலும்மா. கொட்டுது."

"செத்தது எப்பவோ கொட்டிருச்சுங் மாமா. இப்பக் கொட்டறது உசுரோட இருக்கறது!"

கண்ணாடியில் பார்த்தேன். மங்கு போகவில்லை. மங்கு இருந்த இடம் இன்னும் கறுத்து, சுற்றிலும் தக்காளித் தோல் மாதிரி சிவப்பு. ஒன்றுகூடலுக்கு அதிக நாள் இல்லை.

நான் தளர்ந்து போகிற ஆள் இல்லை. மறுநாளே ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினேன், "அழகு நிலையங்களின் அராஜகம்" என்று. ஒரே பக்கம். எடுத்துக்கொண்டு போய்ச் சுகுணா கடை வாசலில் நின்றேன். என் முகமே ஆதாரம். உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணிடமும் ஒன்று கொடுத்தேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? வெளியே வந்து ஒரு நாற்காலி போட்டாள். "மாமா, வெயில் ஆகாதுங்க, இந்தக் கொடைக்கடியில உக்காந்து போராடுங்க" என்று ஒரு பெரிய குடையை விரித்துக் கட்டினாள். கோஷம் போட வாயைத் திறந்தேன், அதற்குள் வாஸ்லின் என்று எதையோ கன்னத்தில் தடவிவிட்டாள். ஜில்லென்று இருந்தது சார். கோஷம் மறந்துவிட்டது.

வருகிற பெண்கள் கேட்டார்கள், "ஏனுங்க்கா, உங்க மாமாவுக்கு என்னாச்சுங்க?" அவள் சிரித்துக்கொண்டே, "சொன்ன பேச்சக் கேக்காட்டி இப்புடித்தானுங் ஆகும்" என்றாள். அன்றைக்கு அந்தக் கடையில் கூட்டமான கூட்டம். மாலையில் சுவரில் ஒரு தாள் ஒட்டினாள்: "வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தேய்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள். எரிந்தால் உடனே நிறுத்தவும்." பார்த்தீர்களா? ஒரே நாள் மறியலில் கோரிக்கை முழுவதும் ஏற்கப்பட்டது. என் வாழ்க்கையில் முழு வெற்றி பெற்ற போராட்டம் அதுதான். அவள் அதை ஆரம்பத்திலேயே சொன்னாள் என்று என் மகன் சொல்கிறான். அவன் எப்போதும் நிர்வாகத்தின் பக்கம்.

ஒன்றுகூடல் அன்று பவுடர் பூசிக்கொண்டு போனேன். பூசாதீர்கள் சார், நெருப்பு. மேடையில் விளக்கு வெளிச்சம். கழுத்தில் ஜரிகைப் பொன்னாடை, அந்த ஜரிகை தாடையில் உரசும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாச்சிமுத்துவிடம் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். முதலில் அவன் வருத்தம் தெரிவிக்கவேண்டும். நான் கொஞ்ச நேரம் மௌனமாக இருக்கவேண்டும். பிறகு தலையை லேசாக அசைக்கவேண்டும்.

அவன் படியேறி வந்தான். கிழவனாகிவிட்டான் சார். பேனரில் இருந்தது பழைய போட்டோ. முட்டி வலி போலிருக்கிறது, கையை ஊன்றி ஊன்றி வந்தான். என் முன்னால் வந்து நின்றான். என் முகத்தைப் பார்த்தான். வருத்தம் தெரிவிப்பான் என்று காத்திருந்தேன். அவன் இரண்டு கையாலும் என் மோவாயைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான்.

"செங்கோடா... யாருடா அடிச்சது உன்ன? போலீசா?"

மைக் ஆனில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"யாரும் அடிக்கல. நானே தேய்ச்சேன்" என்றேன்.

"நீயேவா?" என்றான். பிறகு அந்த ஜரிகைப் பொன்னாடையைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, தோளில் கிடந்த பழைய துண்டை எடுத்து, தண்ணீரில் நனைத்து, பவுடரை ஒற்றி ஒற்றி எடுத்தான். தேய்க்கவில்லை சார். ஒற்றி எடுத்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எரிச்சலால் வந்தது. அது கன்னத்தில் இறங்கியதும் இன்னும் எரிந்தது, உப்பு அல்லவா. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் வேறு என்னவோ நினைத்துக் கைதட்டினார்கள். அதில் பாதிப் பேர் நான் நீக்கினவர்கள்.

மறுநாள் காலையில் இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தவனும் அவன்தான். டாக்டரம்மா சின்ன வயசு. ஆனால் நாக்கு கூர்மை.

"ஐயா, மேல இருக்கறது செத்த செல்லுன்னு சொன்னாங்க சரி, வேண்டாததுன்னு யாரு சொன்னது? அதுதான் உங்க மதில் சுவர். ஒவ்வொரு செல்லும் செங்கல், நடுவுல இருக்கற எண்ணெய்ப் பசைதான் சாந்து. நீங்க சுவரையே பேத்துட்டு, வீட்டுக்குள்ள வெயில் அடிக்குதுன்னு என்கிட்ட வந்திருக்கீங்க."

"மங்கு இன்னும் கறுத்துப்போச்சே, அது ஏன்?" என்று மடக்கினேன்.

"நம்ம தோலு புண்பட்டா கறுத்துத்தான் ஆறும். எவ்வளவு தேய்க்கறீங்களோ அவ்வளவு கறுக்கும்."

"இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

என்னிடம் சொன்னார் சார், என்னிடம்! நாரையும் எலுமிச்சையையும் ஆசிட்டையும் தூக்கி எறியவேண்டும். வெந்நீர் கூடாது. வாசனை சோப்பு கூடாது. துண்டால் துடைக்காமல் ஒற்றவேண்டும். வாசனை இல்லாத சாதாக் களிம்பு, அவர் எழுதிக்கொடுத்தது, ஈரம் காய்வதற்குள் பூசவேண்டும். வெளியே போனால் குடை. உரிகிற தோலை நகத்தால் பிய்க்கவே கூடாது. அப்படியே வாரக்கணக்கில் சும்மா இருக்கவேண்டும், சுவர் தன்னைத் தானே கட்டிக்கொள்ளுமாம். முழுக்க ஆறின பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம், அதுவும் ஏதாவது ஒன்றை மட்டும், வாரத்துக்கு ஒரு தடவை. அந்த அம்மாவும் அதே வாரத்துக்கு ஒரு தடவை! சுகுணாவும் இவரும் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்களோ என்று விசாரித்துப் பார்த்தேன். இல்லையாம்.

சட்டைப் பையில் என்ன சார் ட்யூப்? மெடிக்கல் கடைக்காரனே எடுத்துக் கொடுத்தானா? பூசாதீர்கள், முதலில் டாக்டரம்மாவிடம் காட்டுங்கள். அந்த மாதிரி ட்யூபில் சிலது உடனே பளிச்சென்று ஆக்குமாம், பிறகு தோலை இன்னும் மெலிசாக்கிவிடுமாம். உடனே கிடைக்கிற வெற்றியை நம்பக்கூடாது என்று நான் ஒரு பிரசுரத்திலேயே எழுதியிருக்கிறேன், வேறு விஷயமாக.

சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது, செதிலைத் தேடுகிறது. நாச்சிமுத்து பக்கத்தில் இருந்தால் கையிலேயே ஒரு தட்டுத் தட்டுவான். திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வருகிறான், ஒவ்வொரு தடவையும். நான் வரச் சொல்லவில்லை. நீக்கத்தை நிறுத்திவைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ரத்து செய்யவில்லை. பொதுக்குழு கூடித்தான் ரத்து செய்யமுடியும், பொதுக்குழுவில் இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன், ஒருவனை வைத்துக் கூட்டம் நடத்த விதியில் இடமில்லை.

போன தடவை இதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவன் ஒன்று சொன்னான். "டாக்டரம்மா பேசறதக் கேக்கக் கேக்க எனக்கு நம்ம சங்கம் ஞாபகமாவே இருந்துச்சுடா" என்றான். சொல்லிவிட்டுச் சிரிசிரி என்று சிரித்தான். தோலுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் சார்? நானும் நாலு நாள் யோசித்துவிட்டேன். உங்களுக்கு ஏதாவது புரிகிறதா?

ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்காதீர்கள், கன்னம் வெடிக்கும்.

அதோ, வந்துவிட்டான். கையில் டீ வேறு. இது வெளியே தள்ளுவண்டியில் ஒரு தொழிலாளி போட்ட டீ. அதனால்தான் குடிக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்களுக்கும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறான் பாருங்கள், அவன் எப்போதும் அப்படித்தான், யார் எவர் என்று பார்க்கமாட்டான். வாங்கிக்கொள்ளுங்கள் சார்.

நாச்சி, என்னுடையதை இன்னும் கொஞ்சம் ஆற்றிக் கொடுடா. ஆவி பட்டால் எரிகிறது.